தீர்த்தம் பட்ட கண்

என் மனைவிக்கு ஒரு கண் சின்ன வயதிலேயே அம்மையில் போய்விட்டது. ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். மாரியம்மா வந்து விளையாடிவிட்டுப் போன இடம் என்பாளே தவிர, அதை ஒரு குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. இருந்த ஒரு கண்ணாலேயே ஊசியில் நூல் கோப்பாள், அரிசியில் கல் பொறுக்குவாள். நான் சாலை வேலை முடிந்து முச்சந்தியில் திரும்பும்போதே ஆளைக் கண்டுகொண்டு தண்ணீர் காய வைத்துவிடுவாள். எங்கள் மூன்றாவது பிள்ளை பால்குடி மறந்த வருஷம், வேலியோரம் மரவள்ளித் தழை ஒடிக்கப் போனவளுக்கு அந்த நல்ல கண்ணில் குச்சி குத்திவிட்டது. சிவந்தது, சீழ் வைத்தது, வாரக் கணக்கில் படுத்தியது. புண் ஆறியபோது கருவிழியின் மேல் தேங்காய்ப் பத்தை போல ஒரு வெள்ளை நின்றுவிட்டது.

வெளிச்சம் தெரியும். எதிரே ஆள் வந்து நின்றால் நிழலாகத் தெரியும். அவ்வளவுதான். அவள் அழுது புலம்பவில்லை. சாமான்களை எடுத்த இடத்திலேயே வைக்க எங்களைப் பழக்கினாள். சோறு வெந்ததைக் கொதிக்கும் சத்தத்தில் சொல்லுவாள். ஆனால் பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டால், யார் எதை எடுத்து எறியப் போகிறார்கள் என்று தெரியாமல், சத்தம் வந்த பக்கம் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நிற்பாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியாது.

பெரிய ஆஸ்பத்திரியில் கண் பார்க்கிற வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் இருந்தார். துரை, கடைத்தெருவில் புழங்குகிற பசார் மலாய் பேசுவார். நானும் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாவதோடு நின்றவன், எனக்கும் அந்தப் பசார் மலாய்தான் தெரியும். அதனால் எங்களுக்குள் பேச்சுக்குத் தடையில்லை. அவள் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, வீடு நன்றாகத்தான் இருக்கிறது, சன்னல் கண்ணாடிதான் மங்கிவிட்டது என்றார். வேறு கண்ணாடி போட்டால் பார்வை வரும். ஆனால் அது கடையில் கிடைக்கிற கண்ணாடி இல்லை. இறந்துபோன ஒருவரின் கண்ணிலிருந்து, உயிர் பிரிந்த சில மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும்.

அது மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், கிடைத்ததை அடுத்த காலம். துரைமார் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். இவரும் வருஷக் கடைசியில் ஊருக்குப் போகிறார், அடுத்து வருகிறவருக்கு இந்த வேலை தெரியுமோ தெரியாதோ என்று வார்டு மிசி, அந்த நர்சம்மா, என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நாடு நம் கைக்கு வந்த நாளில் நானும் திடலில் நின்று தொண்டை வலிக்கக் கத்தியவன்தான். ஆனாலும், மாரியம்மா, இந்த ஒரு துரையை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் நிறுத்தி வை தாயே என்று வேண்டிக்கொண்டேன்.

செத்தால் கண்ணைத் தருவீர்களா என்று ஒரு மனிதனின் முகத்தைப் பார்த்து எப்படிக் கேட்பது? நான் யாரையும் கேட்கவில்லை. கேட்காமலே கொடுத்தவர் பக்கத்து வீட்டு அண்ணன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், நெஞ்சு வலிக்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தவர், சங்கதியைக் கேட்டதும் கோப்பையைக் கீழே வைத்தார்.

“இதுக்குப் போயி ஏன்டா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்க? என் கண்ண எடுத்துக்கச் சொல்லு. எப்படியும் நான் ரொம்ப நாள் தாங்க மாட்டேன்.”

அவர் மனைவியை நாங்கள் அக்கா என்போம். பிள்ளை இல்லாதவர்கள். எங்கள் பிள்ளைகள் பாதி நாள் அந்த வீட்டில்தான் சாப்பிடும். அக்காவுக்கு முதலில் மனம் ஒப்பவில்லை.

“கண்ணில்லாம எரிச்சா அடுத்த பொறவியில குருடாப் பொறப்பாங்கன்னு சொல்வாங்க. வெளையாட்டா இது?”

“பொறந்தா நல்லதுதான்லா. உன் மூஞ்சியப் பாக்காம இருக்கலாம்.”

“இந்தப் பொறவியிலயே நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுனது கெடையாது. எத்தன வீட்டுக் கோழி செத்துச்சு!”

என் மனைவி சிரித்துவிட்டாள். சிரித்தவள், அக்கா இருந்த இடம் என்று நினைத்து வேறு பக்கம் பார்த்துச் சிரித்தாள். அக்கா அதைப் பார்த்தார். பிறகு, “சரி. குடுக்கறதுன்னு ஆயிட்டா சுத்தமாக் குடுக்கணும்” என்றார்.

அக்காவின் சுபாவம் அது. நாங்கள் குழம்பு கொடுத்துவிட்ட கிண்ணத்தைக்கூட, புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கித்தான் திருப்பித் தருவார். கோயிலுக்குப் பூ கட்டுகிற நாளில் ஒருவரையும் தொட விடமாட்டார்.

புரட்டாசிச் சனிக்கிழமை காலையில் அண்ணன் போய்ச் சேர்ந்தார். பல் துலக்கிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் ஓடிப்போய்ப் பார்த்து அங்கேயே உட்கார்ந்து அழத் தொடங்கினேன். என்னை எழுப்பி விரட்டியவரே அக்காதான்.

“அழுவறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு தம்பி. சைக்கிள எடு. தொரைய கூட்டிட்டு வா.”

துரை காரில் வந்தார். நாங்கள் எல்லாரும் வெளியே நின்றோம். எடுத்துவிட்டுப் பஞ்சு வைத்து இமையை மூடியிருந்தார். உள்ளே போய்ப் பார்த்தால் அண்ணன் தூங்குவது போலத்தான் இருந்தது. கண் ஒரு கண்ணாடிச் சாடியில் ஐஸ் பெட்டிக்குள் போனது. அதே காரில் என் மனைவியையும் ஏற்றிக்கொண்டு போய் வார்டில் படுக்க வைத்தார்கள். பிள்ளையில்லாத அண்ணனுக்கு நான் கொள்ளி வைத்தேன்.

மறுநாள் மொட்டைத் தலையோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அன்று பிற்பகல் ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார்கள். அவளுக்குத் தலை பின்னி, இமை மயிரைக் கத்தரித்து எல்லாம் தயாராக வைத்திருந்தார்கள். நான் போய் நின்றதும் மிசி என் கண்ணைப் பார்க்காமல், கிருமி பார்க்கிற அறைக்குப் போகச் சொன்னார்.

அந்த அறையில் தெங்கேராவிலிருந்து வரும் தமிழ் முஸ்லிம் ஒருவர் வேலை செய்தார். எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளைக் கோட்டு, மேலே தொப்பி. என் மொட்டையைப் பார்த்ததும் எழுந்து, நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகுதான் சொன்னார். கண்ணை எடுத்தவுடன் துரை அதன் மேல் பஞ்சுக் குச்சியால் ஒற்றி இவரிடம் அனுப்புவாராம். இவர் அதை இறைச்சிச் சாறு உள்ள ஒரு கண்ணாடிக் குழாயில் போட்டு, உடம்புச் சூடு உள்ள அலமாரிக்குள் மறுநாள் வரைக்கும் வைப்பாராம். கிருமி இல்லையென்றால் சாறு தெளிவாக இருக்கும். இருந்தால் அது தின்று பெருகிச் சாற்றைக் கலக்கிவிடும்.

“வாங்கண்ணே, வெளிச்சத்துல வச்சுப் பாருங்க.”

சன்னலோரம் இரண்டு குழாய்களைத் தூக்கிப் பிடித்தார். பஞ்சு போடாமல் சும்மா வைத்திருந்த குழாய் பால் கலக்காத தேத்தண்ணி மாதிரி தெளிவாக இருந்தது. அண்ணனுடையது அரிசி கழுவிய தண்ணீராக இருந்தது. எனக்கு யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவர் ஒரு தட்டையும் திறந்து காட்டினார். சிவப்பாக எதுவோ உறைந்து, அதன் மேல் பச்சையும் நீலமுமாகப் படர்ந்திருந்தது.

“என்னா பாய் இது, செவப்பா?”

“அகர் அகர்தான், கடப்பாசி. நம்ம வீட்டுல செய்யிற அதே அகர் அகர். ஆட்டு ரத்தம் கலந்தது.”

நான் பின்னால் நகர்ந்தேன். 

“திங்கச் சொல்லலண்ணே, பாக்கத்தான் சொல்றேன்” என்று லேசாகச் சிரித்தவர், உடனே முகம் மாறினார். “இந்தப் பச்ச இருக்கு பாருங்க, இது தண்ணியில இருக்கிற கிருமி. சாதாரணமா கண்ணுல இருக்காது. யாராச்சும் கண்ணுல தண்ணி விட்டாங்களா?”

“எனக்குத் தெரியலையே பாய். நான் உங்க தொரைய கூப்பிடத்தான் வந்துட்டேன். மருந்துல போட்டுக் கழுவ முடியாதா?”

“பெனிசிலின்ல முக்கித்தான் வச்சாரு தொரை. இந்தப் பயலுக்குப் பெனிசிலின் சர்பத்து மாதிரி. குடிச்சிட்டு இன்னும் கொழுக்கிறான்.”

துரையிடம் ஓடினேன். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். நீங்கள் போய்விடுவீர்கள், அப்புறம் எங்களுக்கு யார், பரவாயில்லை வைத்துவிடுங்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை. “தா போலே, தா போலே” என்று தலையை ஆட்டினார். முடியாது, முடியாது. அந்தக் கிருமி உள்ளே போனால் ஓரிரு நாளில் கண் முழுவதும் சீழாகிவிடும், இன்றைக்குப் பகல் இரவாவது தெரிகிறது, அதுவும் போய்விடும் என்றார். சொல்லிவிட்டு என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். வெள்ளைக்காரர் ஒருவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

கட்டிலில் உட்கார்ந்திருந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இமை மயிர் இல்லாத கண்களோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அக்காகிட்ட சொல்லாதீங்க. தாங்க மாட்டாங்க.”

“வீட்டுக்கு வந்தா தெரியாமயா போயிடும்?”

“மெதுவா நானே சொல்லிக்கிறேன்.”

மெதுவாகச் சொல்ல வழியில்லாமல் போயிற்று. நான் அவளைத் திரிஷா சைக்கிள் வண்டியிலிருந்து கைபிடித்து இறக்கும்போதே அக்கா வாசலுக்கு வந்துவிட்டார். துக்க வீட்டிலிருந்து வெளியே வரக்கூடாது என்று உறவுக்காரிகள் பிடித்து இழுப்பதையும் கேட்கவில்லை. கட்டு இல்லாத கண்ணைப் பார்த்தார். கிட்டே வந்து, அவள் முகத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார்.

“ஏன்டி, வைக்கலையா? ஏன்?”

“கண்ணுல கிருமி இருந்துச்சாம்க்கா. தண்ணியில இருக்கிற கிருமியாம்.”

“அவருக்கா? சாகிற வரைக்கும் கண்ணாடி போட்டவரில்ல. ஒரு கண் வலி வந்ததில்ல. நான் வேற தீர்த்தத்தால நல்லா…”

அங்கே நின்றுவிட்டார்.

எங்கள் வழக்கத்தில் கோயிலில் அபிஷேகத் தீர்த்தம் கொடுத்தால், குடித்துவிட்டு மிச்சத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். அண்ணன் இறந்த அன்று காலையில், நான் சைக்கிளில் போன பிறகு, அக்கா சாமி மாடத்திலிருந்து தீர்த்தப் போத்தலை எடுத்து, புருஷனின் இமையைப் பிரித்து, இரண்டு கண்ணையும் கழுவியிருக்கிறார். இன்னொருத்திக்குப் போகிற கண், மாரியம்மன் தீர்த்தம் பட்டுச் சுத்தமாகப் போகட்டும் என்று.

பிறகு கோபம் வந்தது. என் பக்கம்தான் திரும்பினார்.

“அப்ப அம்மன் தீர்த்தத்துல கிருமின்னு சொல்றான் அந்த ஆஸ்பத்திரிக்காரன். நீயும் கேட்டுட்டு வந்துட்ட. மாசி மகத்துக்குக் காவடி தூக்குறவன்தானே நீ? வாயில அலகு குத்துனப்ப எந்தக் கிருமி வந்துச்சு உனக்கு?”

வெள்ளிக்கிழமை தோறும் அதே தீர்த்தத்தை நான் என் மனைவியின் கண்ணில் ஒற்றியிருக்கிறேன். அது பொய்யென்றால் எனக்கு வேறு எது மெய்?

கருமாதி முடிந்ததும் அக்கா என்னைக் கூப்பிட்டார். கையில் அந்தப் போத்தல். ரோஸ் சர்பத் போத்தல்தான். அடியில் இரண்டு வேப்பிலையும், நிறம் போன பூவிதழ்களும் கிடந்தன. “வா. அந்தப் பாயே என் கண்ணு முன்னால சோதிச்சுச் சொல்லட்டும்” என்றார்.

பாய் தயங்கினார். அக்கா விடவில்லை. கடைசியில் ஒரு தட்டைத் திறந்து, போத்தல் தண்ணீரில் ஒரு சொட்டை அதன் ஒரு பாதியில் தேய்த்தார். பிறகு அவரே குழாயடியில் போய்க் கையைக் கழுவி வந்து, தன் ஆள்காட்டி விரலை மற்றப் பாதியில் அழுத்தினார்.

“அது எதுக்கு?” என்றார் அக்கா.

“நாளைக்கு வாங்கம்மா, சொல்றேன்.”

மறுநாள் போனோம். தீர்த்தம் பட்ட பாதியில் அதே பச்சை. விரல் பட்ட பாதியில் வெள்ளையும் மஞ்சளுமாக, விரல் அச்சிலேயே புள்ளி புள்ளியாக முளைத்திருந்தது.

“இது என் விரலும்மா. இந்தக் கையத்தான் அஞ்சு வேளையும் கழுவித் தொழுவுறேன். அதுக்காக என் தொழுகை அழுக்காயிடுமா? கோயில்ல குடுத்தப்ப அந்தத் தண்ணி நல்லாத்தான் இருந்திருக்கும். பூவோட, எலையோட போத்தல்ல கெடந்துச்சு. எங்களுக்குத் தீர்த்தம் ஜம்ஜம் தண்ணி, அதப் பூ போட்டு வச்சிருந்தாலும் இப்படித்தான் ஆகும்.”

“தெனம் கண்ணுல ஒத்திக்கிறோமே. எங்களுக்கு ஒண்ணும் ஆகலியே?”

“உசுரோட இருக்கிற கண்ணு தன்னால கழுவிக்கும். கண்ணீர் இருக்குல்ல. செத்த கண்ணுக்குக் கண்ணீர் கெடையாதும்மா. விழுந்தது அங்கயே கெடந்து வளரும்.”

அக்கா அந்தத் தட்டைக் கிட்டே இழுத்துப் பார்த்தார்.

“அப்ப எல்லாத்துலயும் இருக்குதுங்கிற.”

“எல்லாத்துலயும் இருக்கும்மா. கண்ணுக்குத் தெரியாது.”

“எங்க சாமி மாதிரின்னு சொல்லு.”

பாய் என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் அப்படியே அழத் தொடங்கிவிட்டார். பாய் எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

திரும்பி வரும் வழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “செத்தவங்க கண்ணுக்கு என்ன செய்யணுமாம்? கேட்டியா?” நான் கேட்டிருந்தேன். ஒன்றும் செய்யக்கூடாது, இமையை மூடி, ஆஸ்பத்திரிப் பஞ்சை மேலே வைத்து, டாக்டர் வரும்வரை யாரும் தொடக்கூடாது. “அவ்வளவுதானா” என்றார். “ஒண்ணும் செய்யாம இருக்கறதுதான் கஷ்டம்.”

ஐப்பசி போயிற்று. தீபாவளிக்கு இரண்டு வீட்டிலும் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. துரையின் சாமான்களைப் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டார்கள் என்று மிசி சொன்னார். என் மனைவி அதைக் கேட்டுவிட்டு, “ஆனது ஆகட்டும்” என்று பிள்ளையின் தலையில் பேன் தேட ஆரம்பித்தாள், விரலாலேயே.

கார்த்திகையில்தான் அந்தச் சேதி வந்தது. அண்ணனோடு ஒரே பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர் ஒருவர் செட்டி மக்களின் கிராமமான கம்போங் செட்டியில் இருந்தார். அண்ணனின் சாவுக்கு வந்தபோது கண் எடுத்ததைப் பார்த்துவிட்டு, தானும் தருவதாகத் துரையிடமும் தன் மகளிடமும் சொல்லி வைத்திருந்தார். பல நாளாகப் படுக்கையில் இருந்தவர் அன்று காலை கண் மூடிவிட்டார். அக்கா சாவு வீட்டுக்கு ஓட, நான் பாயிடம் பஞ்சு வாங்கி அங்கே கொடுத்தனுப்பவும் துரையைக் கூப்பிடவும் ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளை மிதித்தேன். துரை ஆபரேஷன் அறைக்குள் இருந்தார். முடித்துவிட்டுத்தான் வரமுடியும். நான் வெளியே நின்று தவித்துவிட்டு, கடைசியில் அவரோடு காரில் வந்து இறங்கினால், சாவு வீட்டுக்குள்ளிருந்து அக்காவின் குரல் கேட்கிறது.

“ஜாங்கான்! ஜாங்கான்!”

தொடாதே, தொடாதே என்று மலாயில் கத்திக்கொண்டிருந்தார். அந்தச் செட்டி மக்கள் நம்மைப் போலச் சாமி கும்பிடுகிறவர்கள்தான். ஆனால் வீட்டில் பேசுவது அவர்களுக்கே உரிய ஒரு மலாய். அக்காவுக்கோ மீன் பசாரில் விலை பேசுகிற மலாய்தான் தெரியும். அதை வைத்துக்கொண்டு இறந்தவரின் தலைமாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். இறந்தவரின் மூடிய இமைகள் மேல் பாய் கொடுத்தனுப்பிய பஞ்சு. யாராவது துண்டை நனைத்துக்கொண்டு வந்தால் கையைத் தட்டிவிடுகிறார். கழுத்துக்குக் கீழே எது வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று சைகை காட்டுகிறார்.

இறந்தவரின் தமக்கை, கெபாயா என்கிற நீளச் சட்டை போட்ட வயதான அம்மா, கையில் பன்னீர்ச் செம்போடு எதிரே நின்று மூச்சிரைத்துக்கொண்டிருந்தார். கூடப் பிறந்தவனின் முகத்தைக் கழுவ விடாமல் தடுக்க இவள் யார் என்று மகளிடம் கேட்டார். மகள் எடுத்துச் சொல்லியும் அந்த அம்மாவின் முகம் இளகவில்லை. பன்னீர் சுத்தமானது, வாசனையானது, அதில் என்ன கெடுதல் என்றார்.

அக்கா அண்ணாந்து பார்த்தார். தனக்குத் தெரிந்த மலாய் அவ்வளவையும் திரட்டிச் சொன்னார்.

“லாக்கி சாயா. மாத்தா. சாயா சூச்சி. ரோசாக்.”

என் புருஷன். கண்ணு. நான் கழுவினேன். கெட்டுப்போச்சு. மார்பில் கையை வைத்துக்கொண்டு அந்த நாலு சொல்லைத்தான் மறுபடி மறுபடி சொன்னார். அந்த அம்மா பன்னீர்ச் செம்பைத் தரையில் வைத்தார். மெல்ல மண்டி போட்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு பஞ்சின் பக்கம் யார் கை நீண்டாலும் இரண்டு பேரும் சேர்ந்துதான் விரட்டினார்கள். துரையையே கையைக் கழுவிவிட்டு வரச்சொல்லி அக்கா சாடை காட்டியதை நான் கண்ணால் பார்த்தேன். அவர் பேசாமல் போய்க் கழுவிக்கொண்டு வந்தார்.

அதற்கு மறுநாள் பொழுது விடிந்ததிலிருந்து கிருமி அறை வாசலில் நானும் அக்காவும் நின்றோம். நான் மாரியம்மனை வேண்டினேன். சன்னாசிமலை ஆண்டவருக்கு இன்னொரு காவடி நேர்ந்துகொண்டேன். ஒரு குழாய்ச் சாற்றுக்காக ஒருவன் சாமியிடம் இவ்வளவு கெஞ்சியிருப்பானா என்று தெரியாது. கலங்காமல் இரு, கலங்காமல் இரு என்பதுதான் என் மந்திரம். பாய் அலமாரியைத் திறந்து, குழாயை எடுத்து, முதலில் தான் பார்க்காமல் அப்படியே அக்காவின் கையில் கொடுத்தார். அக்கா அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். குழாய்க்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி மரத்தின் இலைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

“தெளிவா இருக்கு” என்றார் அக்கா. “பாய், நீயும் பாத்துச் சொல்லுப்பா.”

“அல்ஹம்துலில்லா. தெளிவா இருக்கும்மா.”

அன்று பிற்பகலே வைத்தார்கள். இரண்டு கண்ணையும் கட்டி, தலை அசையாமல் இரண்டு பக்கமும் மணல் மூட்டை அணை கொடுத்து மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். இருமக்கூடாது, தும்மக்கூடாது, அழக்கூடாது. அக்காதான் பகல் முழுவதும் அவள் கூட இருந்து கஞ்சி ஊட்டினார். நான் வேலை முடிந்து போகும்போதெல்லாம், பிள்ளைகள் செய்த அட்டகாசத்தை அக்கா சொல்ல, அவள் தலை அசையாமல் உதட்டால் மட்டும் சிரித்துக்கொண்டிருப்பாள்.

கட்டவிழ்த்த நாளில் துரை என்னை முதலில் கட்டில் கால்மாட்டில் நிற்கச் சொன்னார். நான் அவளுக்குப் புகையாகத்தான் தெரிந்தேன். மொட்டையில் முடி முளைத்திருக்கிறதா என்று கேட்டாள். பிறகு கிட்டே வந்து நின்ற ஆளைப் பார்க்கச் சொன்னார். அக்கா குனிந்து, அவள் முகத்துக்கு நேரே முகத்தைக் கொண்டுபோனார்.

“தெரியுதாடி?”

அவள் பார்த்தாள். இமைக்காமல் பார்த்தாள். தையல் போட்ட கண்ணில் இன்னும் சிவப்பு இருந்தது. மெல்லக் கையைத் தூக்கி, ஒரு விரலால் அக்காவின் நெற்றி நடுவில் தொட்டாள். காலணா அகலம் குங்குமம் இருந்த இடம் அது. அண்ணன் இருந்த காலத்தில் அவளுக்குத் தெரிந்த முகம் அந்தக் குங்குமத்தோடு இருந்த முகம். அண்ணன் செத்ததை அவள் கேட்டிருந்தாள், பக்கத்து வீட்டு ஒப்பாரியைக் கேட்டிருந்தாள், அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதிருந்தாள். கண்ணால் கண்டது அன்றுதான்.

“அக்கா” என்றாள். கண்ணில் நீர் கட்டியது.

“அழுவாதடி, தையல் விட்டுடும்” என்றார் அக்கா. சொல்லிவிட்டு, அவளுக்கும் சேர்த்துத் தானே அழுதார்.